பதினெட்டாம் நாள் குறிப்பு

என் தங்கை பூவிழிக்கு யாருடைய ரத்தமும் சேரவில்லை. அவளுடைய ஸ்டெம் செல்களையே ஆய்வகத்தில் ரத்தமாக வளர்த்தார்கள். மாலை வகுப்பு மாணவியான நான் அங்கேயே பயிற்சிக்குச் சேர்ந்து, தினமும் நுண்ணோக்கியில் பார்த்துக் குறிப்பெழுதினேன். பதினெட்டாம் நாள் ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் குடுவையில் கை வைத்ததால்தான் கெட்டது என்று நினைத்து, ‘அனைத்தும் இறந்தன’ என்று எழுதினேன்.

“அடிப்பாவி, பிறக்கிறதைப் பாத்துட்டு சாவுன்னு எழுதிட்டியே!” என்று சிரித்தார் ஆய்வகத்து மெர்சியக்கா. “உட்கருவைத் துப்பினாத்தான்டி அது ரத்தம். மூச்சுக்காத்தைச் சுமக்க இடம் வேண்டாமா?”

அந்த வரியை அடித்தேன். குடுவையின் அடியில் சிவப்பு கூடிக்கொண்டே வந்தது.

அதிலிருந்து மூன்றாம் நாள் அந்த ரத்தம் குழாய் வழியே பூவிழியின் கையில் இறங்கியது.

“யாரோடதுக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

“உன்னோடதுதான்.”

சிவந்த குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இத்தனை நாள் எங்க போயிருந்துச்சு?”