நாற்பதுக்குப் பிறகு

கடலுக்குப் போன படகு மூன்றாம் நாளும் திரும்பவில்லை. ஏசுராஜின் மனைவி ஜான்சி, ஊரூர் குப்பத்து உபதேசியார் ஸ்தனிஸ்லாஸிடம் போய் நின்றாள். "இன்னும் வரலியே மாமா?"

"மீன் வயித்துலேர்ந்து யோனா மூணாம் நாள்தான் வந்தாரு. வருவாம்மா."

ஏழாம் நாளும் கேட்டாள்.

"எரிக்கோ மதிலு ஏழாம் நாள்தான் விழுந்துச்சு. ஏழுதான் முழுமை. வருவான்."

இன்று நாற்பது.

"நோவா காலத்து மழையே நாப்பதுல நின்னுச்சு. கண்டிப்பா வருவான்."

வெளியே வந்தவளை மீன்காரி கங்கம்மா மறித்தாள். "உன் புருசன் பொணம் நாலாம் நாளே கரை ஒதுங்கி, பொதைச்சாச்சு. இன்னும் இன்னாத்தடி கேட்டுக்கினு கீற?"

"கூடப் போன உபதேசியார் புள்ள இன்னும் கெடைக்கலியேக்கா. நான் கேக்கலைன்னா அவரு யாராண்ட சொல்லுவாரு?" ஜான்சி குரலைத் தாழ்த்தினாள். "நாப்பதுக்கு அப்புறம் பைபிள்ல இன்னா நம்பருக்கா கீது?"