கழற்ற முடியாத படிப்பு

படித்த படிப்பைத் திரும்ப வாங்கும் பல்கலைக்கழகக் கவுன்ட்டரில் இளவேனியின் உளவியல் பட்டத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் விலை காட்டியது திரை. அங்கிருக்கும் தொப்பியை மாட்டிக்கொண்டால் போதும். மூன்று வருடம் படித்ததெல்லாம் தலையிலிருந்து மெல்லக் கழன்றுவிடும், பணம் கணக்கில் ஏறிவிடும்.

"மாட்டுடி! சோறு போடாத படிப்பை வெச்சு நாக்கு வழிக்கவா?" என்று கத்தினார் அப்பா சோலைராசு. வரிசையே திரும்பிப் பார்த்தது.

இளவேனி கையில் எடுத்த தொப்பியைக் கவுன்ட்டரிலேயே திரும்ப வைத்தாள்.

"மாட்ட மாட்டேன்ப்பா. உங்க வேலை போன பயத்துலதான் நீங்க கத்துறீங்கன்னு இந்தப் படிப்பாலதான் எனக்குத் தெரியும். முன்னெல்லாம் நீங்க கத்தினா நாள்கணக்குல பேசமாட்டேன். இதை வித்துட்டா மறுபடியும் அந்தப் பொண்ணாத்தான் வீட்டுக்கு வருவேன். பரவாயில்லையா?"

சோலைராசு தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு விலை இன்னும் இறங்கிடும் சார்," என்றார் கவுன்ட்டர்காரர்.

"இறங்கட்டும்," என்றார் சோலைராசு. அவர் கத்தவில்லை.