உட்காரச் சொல்லும் பொத்தான்

ஃபோனில் ஆடும் கோட்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பாகத்தில் மதில்மேல் நிறுத்திய வீரன் நிறுத்திய இடத்திலேயே நிற்பான். இதில் அவனுக்குக் கால் வலிக்கிறது. அவனை உட்காரச் சொல்ல ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். படம் பிரமாதம், இசை பிரமாதம் என்றவர்கள்கூட அந்தப் பொத்தானை மன்னிக்கவில்லை. "போருக்கா வந்தானுவ, பந்திக்கா?" என்று யாரோ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டிச் சிரித்தான் செல்வின்.

அவன் மனைவி ஜெபராணி சிரிக்கவில்லை. அவளுக்குத் துணிக்கடையில் சேலைப் பிரிவு. ஆளே வராத மதியத்திலும் அங்கே உட்காரக் கூடாது. மேலே கேமரா உண்டு. வேலைக்குக் கிளம்பச் சீருடைச் சேலையைக் கட்டிவிட்டு, வீங்கிய பாதங்களைக் கட்டிலில் நீட்டியபடி ஃபோனை எடுத்தாள். முதல் பாகத்திலிருந்து இருவரும் சேர்ந்து கட்டிய கோட்டை அது. மதில்மேல் நின்ற வீரர்களை ஒவ்வொருவராகத் தொட்டு அந்தப் பொத்தானை அழுத்தினாள். ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிக் கணுக்காலை நீவிக்கொண்டான்.

"இத யோசிச்சது யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

தூரத்தில் புழுதி எழுந்தது. எதிரிப் படையின் முரசு கேட்டது.

"எழுப்புட்டி அவனுவள! கோட்டை போயிரும்!"

"இருங்க. இப்பதான உக்காந்திருக்காவ."