இடது சிக்னல்

"அண்ணே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க. ஒயரிங்ல ஒரு குறையும் இல்ல. பல்புதான் என்னிக்கோ பீஸ் போயிருக்கு. பாருங்க, ஹோல்டருக்குள்ள துருவே பிடிச்சிருச்சு."

எலெக்ட்ரீஷியன் கெஞ்சினார். சாப்பாட்டு வண்டிக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் அவர் ஜீப்பில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பியபோது, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மோதி இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சிக்னலே எரியவில்லை என்கிறார் அந்த மனிதர்.

"என்னிக்கோவா? கதை விடாதப்பா. தினமும் காலையில என் வீட்டுக்காரி பின்னால நின்னு பாத்த பிறகுதான் வண்டி கிளம்பும். அன்னிக்கும் எரியுதுன்னுதான் சொன்னா. நடுவழியில அணைஞ்சிருந்தா, அது நீ இழுத்த ஒயரோட லட்சணம்."

அவர் சட்டைப் பையில் போலீஸுக்கு எழுதிய புகார் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஸ்டேஷனில் கொடுத்துவிட்டால் பழி மொத்தமும் எலெக்ட்ரீஷியன் தலையில்தான். அப்புறம் அந்த ஆள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

புதுப் பல்பை மாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். வண்டிக்காரர் முன்கோபியே தவிர கல்நெஞ்சக்காரர் இல்லை. துரு பிடித்த அந்த ஹோல்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சமையல் வேலையை முடித்துவிட்டு மனைவி வந்தாள். வழக்கம்போல ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியைத் தடவினாள். பூட்டு ஆணியை அசைத்தாள். இரண்டு சங்கிலியும் குறுக்காக மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வளையமாக விரலை ஓட்டினாள்.

"கொழந்தைக்குத் தலை வார்ற மாதிரி இவ்ளோ தடவணுமா?"

"உசுரு போற விஷயங்க. ஒருத்தர் இடுப்பு போனதே போதும்."

பதினெட்டு வருஷமாக இந்தச் சோதனையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சே கிடையாது.

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "பின்னால போய் நில்லும்மா."

டிரெய்லரைப் பிடித்தபடியே நடந்து போய் நின்றாள்.

"இடது?"

"எரியுதுங்க."

"வலது?"

"பளிச்சுன்னு எரியுது. கிளம்பலாம்."

அவர் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு இறங்கிப் பின்னால் வந்து, பையிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"எதைக் கிழிக்கிறீங்க? என்னாச்சுங்க?"

அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னும் சாவியே போடலம்மா. எப்பலேருந்து உனக்குக் கண்ணு தெரியல?"