வாயை மூடாதே

பித்தளைக் கிண்ணத்தில் இரும்புத் தண்ணீர் ஆவி விடுகிறது. துருப்பிடித்த ஆணிகளை அரிசிக் கள்ளில் ஊறவைத்த புளித்த நாற்றம் அறை முழுக்க. மணமானவள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். கணவன் இன்று கூட்டி வந்திருக்கும் இளைய மனைவி மினேயின் பற்களுக்கு முதல் கறுப்பு பூசுகிறவள் மூத்தவள் ஷிகே. காகிதக் கதவில் வடிந்து வரும் காலை வெயில் நேராக அந்த வெள்ளைப் பற்களில் விழுகிறது. "வாயை மூடாதடி, மூடினா திட்டுத் திட்டாயிடும்." மாசிக்காய்ப் பொடியைத் தொட்டுத் தொட்டுத் தூரிகை நகர்கிறது. "கறுப்பு மேல வேற சாயம் ஏறாது. செத்தாலும் இனி இந்த வீட்டுக்காரிதான் நீ." ஷிகே சிரிக்கிறாள், அவளுடைய கரும்பற்கள் அரக்குப் பூசியதுபோல் மின்னுகின்றன. கறுத்த எச்சில் மினேயின் மோவாயில் வழிகிறது. திடீரென்று அவளுக்குக் குமட்டுகிறது. தூரிகை நிற்கிறது. "எத்தனை மாசம்?" திறந்த வாயோடு மினே நான்கு விரல்களைக் காட்டுகிறாள். நான்கு மாதம் முன்புதான் ஷிகே தன் ஒரே குழந்தையைப் புதைத்தாள். "முடிஞ்சுதா?" வெளியே கணவனின் குரல். "சாயம் இன்னும் சரியாப் பிடிக்கலைங்க," என்கிறாள் ஷிகே. வெதுவெதுப்பே போதும் என்று தெரிந்தும் கிண்ணத்தை மறுபடி தணல்மேல் வைத்து, கொதி வரட்டும் என்று காத்திருக்கிறாள். மினேயின் வாய் திறந்தே இருக்கிறது.