கடைசி நாற்பது விநாடி

இருநூறு பிரதிகளும் மூன்று வாளித் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தன.

இதழியல் துறை மாணவர்கள் மாதம் ஒருமுறை தாங்களே எழுதி, தாங்களே திருத்தி, பல்கலைக்கழகம் முழுக்க விநியோகிக்கும் இதழ். காலை ஒன்பதரைக்கு அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கின. பத்து மணிக்கு விநியோகம். முதல் பக்கச் செய்தியை எழுதிய, 'புயல்' என்று எல்லாரும் கூப்பிடும் மாணவி வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நான்தான் செஞ்சேன்" என்றாள் கமா. முழங்கை வரை நனைந்திருந்தாள்.

பிழை பார்ப்பதும், செய்தியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பதும் அவள் வேலை. ஒரு கமா இடம் மாறினாலும் அவளுக்குச் சோறு இறங்காது என்று வகுப்பு வைத்த பெயர் அது.

புயல் கூழை ஒரு கை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"விடுதித் தண்ணித் தொட்டியைக் கழுவி எட்டு மாசம் ஆச்சு. அறுபது பேருக்கு வயித்துப்போக்கு. மூணு வாரம் நாயா அலைஞ்சு எழுதினேன். அதைக் கொண்டுபோய் வாளியில முக்கியிருக்கியே, நீயெல்லாம் மனுஷியாடி?"

கமா வாளியை ஓரமாக நகர்த்தினாள்.

"பொறாமை சார் இவளுக்கு." சத்தம் கேட்டு வந்து நின்ற துறைத்தலைவர் பக்கம் புயல் திரும்பினாள். "தொட்டி விஷயத்தை யார் சொன்னாங்கன்னு பேரோட எழுதியிருந்தேன். திருத்தும்போது பேரை அடிச்சிட்டு 'ஊழியர் ஒருவர்'னு போட்டா. பேர் இல்லேன்னா மூணு மார்க் குறையும்னு இவளுக்குத் தெரியாதா?"

அது துறையின் விதி. செய்தியைச் சொன்னவர் பெயர் இருந்தால்தான் முழு மதிப்பெண்.

"ஓரத்துல எழுதியிருந்தேனே" என்றாள் கமா மெதுவாக. "பதிவைக் கடைசி வரைக்கும் கேளுன்னு."

"நான் எடுத்த பேட்டி எனக்குத் தெரியாதா? நீ வேற கேட்கச் சொல்லணுமா? அதான் அச்சுக்குப் போற அன்னிக்கு நானே உட்கார்ந்து பேரைத் திரும்பச் சேர்த்தேன். அச்சுல அதைப் பார்த்ததும் அம்மணிக்கு வயிறு எரிஞ்சிருக்கு."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடுவதில்லை, துடைப்பார்.

"பத்திரிகைச் சுதந்திரம்னு பன்னெண்டு பக்கம் கட்டுரை எழுதினே. வகுப்பிலேயே உனக்குத்தான் அதிக மார்க் போட்டேன். எனக்கே வெட்கமா இருக்கு. காரணம் என்னன்னு சொல்லு. இல்லேன்னா நாளிதழ் பயிற்சிக்கு உனக்குப் பதிலா வேற ஆள் போகும்."

அந்த ஓர் இடத்துக்காக அவள் இரண்டு வருடமாகப் படித்த படிப்பு வகுப்புக்கே தெரியும்.

கமா வாயைத் திறந்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

கதவருகே நாற்காலியில் விடுதி வார்டன் உட்கார்ந்திருந்தார். விடுதிக்கான பிரதிகளை வாங்கிப்போக வந்தவர்.

"காரணம் ஒண்ணும் இல்ல சார்."

"பார்த்தீங்களா சார் திமிரை?"

வகுப்பு கொதித்தது. "மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க சார்" என்றான் ஒருவன். "எதுக்கு மன்னிப்பு? இதழை விட்டே தூக்குங்க" என்றாள் இன்னொருத்தி. கமாவின் பக்கத்தில் உட்காரும் தோழிகூடப் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கமாவின் விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வார்டன் மட்டும் நிதானமாக எழுந்து வந்தார்.

"விடுங்கம்மா, படிக்கிற பொண்ணுங்களுக்குள்ள எதுக்குச் சண்டை? ஏம்மா புயலு, தொட்டியைப் பத்தி எங்க ஆளுங்கள்லயே யாரோ சொன்னாங்கன்னியே, யாரு அது? நல்ல மனசு. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாம்னுதான் கேட்கறேன்."

"தாராளமா சொல்றேன் மேடம். நான் ஒண்ணும் பயந்து பயந்து எழுதறவ இல்ல. அவங்க பேரு..."

கமா பாய்ந்து வந்து தன் ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள். ஈரக் கையால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசியைத் தட்டினாள்.

பிடுங்கி எறியப்போன புயல் அப்படியே நின்றாள்.

விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவின் குரல். பேட்டி முடிந்து, நன்றியும் சொல்லி, அணைக்க மறந்துபோன பதிவின் கடைசி நாற்பது விநாடி.

"பேரை மட்டும் போட்டுடாத கண்ணு. என்னது ஒப்பந்த வேலை. வார்டனம்மா கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த மாசம் நான் உள்ள வர முடியும். வீட்டுல என் ஒருத்தி சம்பாத்தியம்தான்."

ஒரு கரண்டி கீழே விழும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. அது புயலின் சிரிப்பு. அதற்குப் பிறகு வந்ததும் அவள் குரல்தான்.

"ஐயோ அக்கா, என் உயிரே போனாலும் உங்க பேரு வெளியில வராது. நான் பத்திரிகைக்காரி."