அப்பா நடந்த தெருக்கள்

மணிக்கூண்டில் கடிகாரமே இல்லை.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மூன்று பக்கமும் வெறும் சுவர். நாலாவது பக்கம் துறைமுகத்தின் மதிலுக்கு உள்ளே இருந்தது. அங்கே வெளியாட்கள் போக முடியாது.

அப்பா சொன்ன ஊர் இதுதான். பெயரில் குழப்பமில்லை.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்த மனுஷன், லீவில் வீட்டுக்கு வந்தால் இந்த ஒரு ஊரைப் பற்றித்தான் என்னிடம் பேசுவார். சாயங்காலம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவாராம். முதலில் மணிக்கூண்டு, அதில் மணி பார்த்துக்கொள்வார். அதை ஒட்டினாற்போல ஒரு சிவப்புக் கட்டடம், அதன் படிக்கட்டில் காலாற உட்கார்வார். சிவப்புக் கட்டடத்தின் தோளில் சாய்ந்தபடி ஒரு வெள்ளை மாளிகை. அதற்கு உருண்டைக் கூரை.

உன்னையும் ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பார்.

அவர் பேச ஆரம்பித்தாலே அம்மா, "அளக்க ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் அப்பா கட்சி. அம்மாவோடு சண்டைக்கே போயிருக்கிறேன்.

போன வருஷம் அப்பா தவறிவிட்டார்.

எனக்குக் காது கேட்கும் கருவி பொருத்துகிற வேலை. புதுக் கருவிக்குப் பயிற்சி என்று கம்பெனி அனுப்பிய ஊர் இதுவாக அமைந்துவிட்டது. பயிற்சி முடிந்து, விமானத்துக்கு அரை நாள் மிச்சம். நேராக நடந்துபோய், மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பி, அம்மாவின் வாயை அடைப்பது என்று கிளம்பியிருந்தேன். வழி யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற நினைப்பு வேறு.

மணிக்கூண்டை ஒட்டிச் சிவப்புக் கட்டடம் எதுவும் இல்லை. செருப்புக் கடை, வங்கி, மூடிக்கிடந்த ஒரு சலூன். அவ்வளவுதான்.

நிழலில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். சிவப்புக் கட்டடமா, அது குன்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் போக வேண்டும் என்றார். இதை ஒட்டினாற்போல இல்லையா என்று மறுபடியும் கேட்டேன். அவர் ராவுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பஸ் ஏறினேன். அது குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

சிவப்புக் கட்டடம் இருந்தது. அப்பா சொன்ன அதே சிவப்பு, சுட்ட செங்கல் மாதிரி. ஆனால் படிக்கட்டு இல்லை. வாசல் தெருவோடு தெருவாக இருந்தது. பக்கத்தில் டயர் கடையும் ஒரு பள்ளிக்கூடமும். வெள்ளை மாளிகை எங்கே என்று வாசலில் நின்ற காவலாளியிடம் விசாரித்தேன். உருண்டைக் கூரை என்று கையால் போட்டும் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மாளிகை இல்லையாம். அடுத்த குன்றின் மேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டியாம்.

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன்.

அப்பா கலந்து சொன்னாரா, நான் கலந்து கேட்டேனா? கண்ணளவில் உப்புப் போட்டாலும் பிசகாத கை அவருடையது. அத்தனையும் பொய் என்றால் சிவப்பு எப்படி இவ்வளவு சரியாக இருக்கும்? உண்மை என்றால் படிக்கட்டு எங்கே போயிற்று? கேட்டுத் தெளிய எனக்கு இருந்தது ஒரே ஆள். அவரும் இல்லை.

வந்த வழியே துறைமுகத்துக்குத் திரும்பினேன். கால் விட்டுப்போயிருந்தது. துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகு ஒன்று புறப்படத் தயாராக நின்றது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று ஏறிக்கொண்டேன். ஒரு குடும்பமும் நானும்தான். படகை ஓட்டியது ஒரு பெண், என் அம்மா வயதிருக்கும்.

படகு கரையைவிட்டு விலகித் திரும்பியதும் மணிக்கூண்டின் நாலாவது பக்கம் தெரிந்தது. அதில் பெரிய கடிகாரம். முள் நகர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் தள்ளிப் போனோம். நான் பஸ்ஸில் சுற்றி ஏறிய குன்று தட்டையாகி எங்கோ ஒளிந்துகொண்டது. சிவப்புக் கட்டடம் மெல்ல நகர்ந்து வந்து மணிக்கூண்டை ஒட்டி நின்றது. போட்டோவுக்கு நெருங்கி நிற்பவர்களைப் போல, அதன் தோளுக்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் எட்டிப் பார்த்தது. அலைக்குத் தடுப்பாக அடுக்கிய கரைக் கற்கள் சிவப்புக் கட்டடத்தின் படிக்கட்டாகிவிட்டன.

அப்பா சொன்ன ஊர். ஒன்றுகூடக் குறையவில்லை.

தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பலைப் பார்த்துப் படகுக்காரம்மா கையாட்டினாள். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் பதிலுக்கு ஆட்டினார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் ஏதோ கேட்டதற்குப் படகுக்காரம்மா சொன்னாள்:

"பாவம், அதுல வர்றவங்க நெறைய பேருக்குக் கரையில எறங்க அனுமதி கிடையாதுங்க. ஊரைப் பாத்துக்கிட்டே நின்னுட்டு அப்படியே போயிடுவாங்க."

எல்லாருக்குமா அப்படி? சமையல்காரரைக் காய்கறி வாங்கவாவது விட்டிருக்க மாட்டார்களா? ஒரு தடவையாவது? இறங்கியிருப்பார். அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். மனசு என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது.

படகிலிருந்தே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கரை வந்து சேர்வதற்குள் அவளே கூப்பிட்டாள்.

அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். எல்லாம் அப்பா சொன்னபடியே இருக்கிறது, மணிக்கூண்டு, சிவப்புக் கட்டடம், வெள்ளை மாளிகை, எல்லாம் ஒட்டினாற்போல, நீதான் நம்பவே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அளக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அம்மா மறுத்துப் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை.

மெல்லக் கேட்டாள்.

"நீயாவது எறங்கிப் பாத்தியா?"